முதல் நாள் எழுதிய பதில்

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். முதல் முறை மனதுக்குள், இரண்டாம் முறை கணினியில், மூன்றாம் முறை தாளின் ஓரத்தில் பென்சிலால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் விட்டு. மூன்று முறையும் ஒரே விடை. ஜனவரி முதல் வாரம், என் வகுப்பில் சேர்ந்த பதினொரு பேரின் மனச்சோர்வுப் புள்ளிகள் மொத்தம் பதினான்கு. பன்னிரண்டு வாரம் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கையையும் காலையும் அசைக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு, மார்ச் கடைசியில், எழுபத்து மூன்று.

புள்ளி குறையத்தான் வேண்டும். குறைந்தால்தான் மனம் லேசாயிருக்கிறது என்று அர்த்தம். படிவத்தில் பதினைந்து கேள்விகள். இரவில் தூக்கம் வருகிறதா, மனிதர்களைப் பார்க்கப் பிடிக்கிறதா, எழுந்து என்ன ஆகப்போகிறது என்று காலையில் தோன்றுகிறதா. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சுழிக்க வேண்டும். சோர்வான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஐந்தைத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஜனவரியில் ஐந்தைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. இப்போது எட்டுப் பேர். ரெய்னோ பெல்டோ, வயது எண்பத்தொன்று, இரும்புச் சுரங்கத்தில் நாற்பது வருடம் மண்வாரி இயந்திரம் ஓட்டியவர், ஜனவரியில் பூஜ்யம். இப்போது பதினொன்று.

"ஷெல்பி, இதப் பாத்தா உன் கிளாஸே அவங்களுக்குச் சீக்கு குடுத்த மாதிரில்ல இருக்கு" என்றார் கிரெய்க் ஆம்ட்சன். மாவட்ட முதியோர் நலப் பிரிவில் என் மேலாளர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கத்திவிட்டுப் போயிருப்பேன்.

"எந்திரிச்சு உக்கார்ற சோதனையப் பாருங்க. முப்பது செகண்டுல அஞ்சு தடவை எந்திரிச்சவங்க இப்ப பத்து தடவை எந்திரிக்கிறாங்க. ரெண்டு பேரு கைத்தடியக் கார்லயே வச்சிட்டு வர்றாங்க."

"அதுக்கு இந்த நிதியில கட்டம் இல்லம்மா. இது மனநலத்துக்கு வந்த காசு. மனசு தேறுச்சா இல்லையா, அவ்வளவுதான் கேக்குறாங்க." பையைத் திறந்து வெள்ளைத் தாள் கட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மாவட்ட போர்டு கூடுது. கிளாஸ் நடக்குதா நிக்குதான்னு அங்கதான் முடிவு. காலையில உனக்கு கிளாஸ் இருக்கில்ல? இந்த ஃபாரத்த இன்னொரு தடவை குடு. வயசானவங்க, கேள்வி புரிஞ்சிருக்காது. நல்லா விளக்கிச் சொல்லி வாங்கு."

"விளக்கிச் சொல்லின்னா எப்படி?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வாகன நிறுத்தத்தில் குவித்துவைத்த அழுக்குப் பனி மட்டும்தான்.

புரிந்திருக்காதாம். முப்பதடி உயர இயந்திரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, மைனஸ் முப்பத்தைந்து குளிரில், கீழே நிற்கும் லாரியின் மேல் ஒரு கீறல் விழாமல் எண்பது டன் பாறையை இறக்கி வைத்த மனிதருக்கு, ஆம் இல்லை என்று கேட்டால் புரிந்திருக்காதாம். எனக்கு வந்த கோபத்தில் பாதி கிரெய்க் மேல். மீதி என் மேல். ஏனென்றால் படிவத்தைப் பார்த்த அந்த நிமிடமே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டிய நாளில் தெரியவில்லை.

நான் மெட்சோலாக்காரி. வடக்கு மினசோட்டாவின் இரும்பு மண்ணில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரு தடவை அப்பாவுக்கு மூன்று விலா எலும்பு முறிந்து, வேலை நேரம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று செவிலி கேட்டாள். அப்பா யோசித்து, "ரெண்டு போட்டுக்கங்க, அதுவே கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். இங்கே எல்லோரும் அப்படித்தான். எப்படி இருக்கே என்று கேட்டால் "மோசமில்ல" என்பார்கள். பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கும் மோசமில்லைதான். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பிறர் தலையில் தன் சுமையை ஏற்றக்கூடாது என்பது இங்கே மரியாதை. ஃபின்லாந்திலிருந்து வந்தவர்கள், ஸ்லோவேனியாவிலிருந்து வந்தவர்கள், குரோஷியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள், வந்து நூறு வருடத்துக்கு மேலாகியும் எதிலும் ஒத்துப்போகாத கூட்டம் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகும்.

இதெல்லாம் தெரிந்த நான் முதல் நாள் என்ன செய்தேன்? லூதரன் தேவாலயத்தின் அடித்தளத்தில், நீளமான ஒரே மேசையில், முழங்கை இடிக்க இடிக்க அவர்களை உட்கார வைத்து, காப்பிக்கு நடுவே படிவத்தைக் கொடுத்தேன். வலப்பக்கம் நாத்தனார், இடப்பக்கம் பழைய மேற்பார்வையாளர். போதகர் கொடுத்த குட்டைப் பென்சில் ஆளுக்கொன்று. "உங்கள் வாழ்க்கை வெறுமையாக இருப்பதாக உணர்கிறீர்களா?" நான்கு நிமிடத்தில் பதினொரு தாளும் திரும்பி வந்துவிட்டது. எவ்வளவு நல்ல ஒத்துழைப்பு என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியை இப்போது படித்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பல்கலைக்கழகம் எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது. யாரைக் கேட்கிறோம் என்பதை மறக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டது.

ரெய்னோ முதல் நான்கு வாரமும் மேல்கோட்டைக் கழற்றவே இல்லை. இடுப்பு மாற்று அறுவைக்குப் பின் டாக்டர் துரத்திவிட்டதால் வந்தவர். கதவுக்குப் பக்கத்து நாற்காலி, மடியில் தொப்பி. நான் கொடுத்த ரப்பர் பட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது எந்த ஜட்டியிலருந்து உருவினது?" என்று கேட்டதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம். பக்கத்தில் இருந்த டாலி, எழுபத்தாறு வயது, முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் முதுகுப் பிடிப்பு விட்டுவிட்டது என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு நன்றி சொன்னாள். நன்றி போக வேண்டிய இடம் வேறு.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணி. கழுத்தை மெதுவாகத் திருப்பு, தோளை உருட்டு, கணுக்காலைச் சுழற்று, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நில். கடைசிப் பதினைந்து நிமிடம் நடுவே கயிறு கட்டிப் பலூன் பந்து. அதற்கு ஒரே விதி: பின்பக்கத்தில் பாதியாவது நாற்காலியில் ஒட்டியிருக்க வேண்டும். எண்பத்து நான்கு வயது லெம்பி கார்வோனென் போலக் கூசாமல் ஏமாற்றும் ஆட்டக்காரியை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

"லெம்பி! உன் பின்பக்கம் எந்திரிச்சிருச்சு, நான் பாத்தேன்!"

"எந்திரிக்கல டாலி. கொஞ்சம் காத்து வாங்குச்சு."

"புள்ளி எங்களுக்கு!"

"எடுத்துக்க. உங்க அம்மா காலத்துலருந்து நீங்க கேட்டு வாங்குற ஆளுங்கதான."

ஐந்தாம் வாரம் ரெய்னோ ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருபத்திரண்டு சின்னப் பைகள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, உள்ளே இரும்புத் தாது உருண்டைகளை நிரப்பியிருந்தார். எங்கள் ஊர் ரயில் பாதையோரம் கோலிக்குண்டு மாதிரி சிந்திக் கிடக்குமே, அவை. அதுவரை எடைக்காக நாங்கள் தூக்கிய சூப் டப்பாக்களுக்குப் பதிலாக, கைக்கு ஒன்றாக ஒவ்வொருவருக்கும் இரண்டு. எல்லாம் சரியாக ஒரே எடை. லெம்பியுடையது மட்டும் கொஞ்சம் குறைவு, அவளுக்கு மணிக்கட்டில் வாதம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "சூப் டப்பாவத் தூக்கிட்டிருக்கறது பாக்கச் சகிக்கல" என்றார் ரெய்னோ. அவ்வளவுதான் விளக்கம். அன்றைக்குத்தான் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்கு வயது இருபத்து நான்கு, காட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னும் பழகவில்லை.

நாற்காலிகளை நான் வரிசையாகப் போட்டிருந்தேன், எல்லோரும் என்னைப் பார்த்த மாதிரி. திட்டம் போட்டு அல்ல, அந்த அறையின் தூண்கள் வேறு மாதிரி போட விடவில்லை. ஆனால் அதுதான் காரியம் செய்தது என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஊர்க்காரனை எதிரெதிரே உட்கார வைத்து மனசைத் திற என்றால் செத்தே போவான். பிக்கப் வண்டியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில், கண் இரண்டும் சாலையில் இருக்கும்போது பேசுவான். மீன் பிடிக்கப் பனியில் துளை போட்டுவிட்டு, துளையைப் பார்த்துக்கொண்டு பேசுவான். இங்கே பார்க்க நான் இருந்தேன். கைகால் வேறு வேலையில் இருந்தது. மூச்சை வெளியே விடு என்று நான் சொல்ல, மூச்சோடு சேர்ந்து ஏதோ ஒன்று வெளியே வந்துவிடும்.

எட்டாம் வாரம், கணுக்கால் சுழற்றிக்கொண்டிருக்கும்போது, ரெய்னோ என் தலைக்கு மேல் இருந்த குழாயைப் பார்த்துச் சொன்னார்: "நான் மூணு குளிர்காலமா சவுனாவுலதான் படுக்குறேன்."

சவுனா என்றால் வீட்டுக்குப் பின்னால் மரத்தால் கட்டிய வெந்நீராவி அறை. விறகடுப்பு, இரண்டு பலகைப் படி, நாலு பேர் நெருக்கி உட்காரலாம். சனிக்கிழமை குளிக்கிற இடம். யாரும் படுக்கிற இடம் இல்லை. அவர் மனைவி ஆர்லீன் போய் மூன்று வருடம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு பேரும் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், அவர்கள் நிறுத்தவில்லை.

"பலகை நீளம் போதுதா?" என்று கேட்டாள் லெம்பி.

"கால மடக்கிக்குவேன்."

"ம்."

கொஞ்சம் கழித்து டாலி சொன்னாள், "நான் டி.வி.ய அமத்துறதே இல்ல. குளிக்கப் போனாலும் ஓடும். தூங்குனாலும் ஓடும்."

"எந்தச் சேனல்?" என்றார் ரெய்னோ.

"வானிலை."

"அது நல்ல சேனல்தான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை லெம்பி காரின் பின்சீட்டில் பஞ்சு மெத்தை ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தாள். சவுனாப் பலகை அகலத்துக்கு ரொட்டிக் கத்தியால் அறுத்திருந்தாள். ரெய்னோ அதை வாங்கிப் பிக்கப்பில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதை நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் படு என்று புத்தி சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. நான் படித்த படிப்பில் இதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன். எந்தப் பாடப் புத்தகத்தையும் இந்த அடித்தளத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாம் முறை படிவம் கொடுத்தபோது யாரும் மேசைக்கு வரவில்லை. ஒவ்வொருவரும் ஒரு மூலைக்குப் போனார்கள். டாலி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெய்னோவுக்கு நாற்பது நிமிடம் ஆனது. நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்து, "பாத்துட்டு மூடி வச்சிரு" என்றார். அன்றைக்கு மாலையே எட்டுப் பேருக்கும் போன் செய்து மருத்துவமனையில் நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ரெய்னோ மட்டும் நிபந்தனை போட்டார். "போறேன். ஆனா செவ்வா வேணாம், வியாழன் வேணாம். அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு." என்ன வேலை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

அந்த வேலையைத்தான் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மூடப் போகிறார்கள்.

வியாழன் காலை உடற்பயிற்சி நடக்கவில்லை. நான் நின்றபடியே சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. ஜனவரியில் பதினான்கு, இப்போது எழுபத்து மூன்று, போர்டுக்கு இது மட்டும்தான் தெரியும், இன்றைக்கு மூடிவிடுவார்கள் என்றேன். "மொத நாளு நீங்க எல்லாரும் பொய் எழுதிட்டீங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

"பொய்யா?" டாலிக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "ஏம்மா, மொத நாளு உன்னய எனக்குத் தெரியுமா? ரான் ஸ்டிமாக் மக, காலேஜு போயிட்டு வந்திருக்கா, அவ்வளவுதான் தெரியும். முன்னப் பின்ன தெரியாத பொண்ணுகிட்டப் போயி நான் ராத்திரி அழுவுறேன்னு எழுதிக் குடுப்பேனா? அது மரியாதையா?"

"என் பக்கத்துல என் நாத்தனா உக்காந்திருந்தா" என்றாள் லெம்பி. "வாழ்க்கை வெறுமையா இருக்கான்னு கேட்டிருக்கு. ஆமான்னு எழுதினா, என் புருஷன் குடும்பத்தயில்ல குறை சொன்ன மாதிரி ஆயிரும்."

"நான் சும்மாதான சொன்னேன்..."

"இல்ல. நீ சும்மா சொல்லல. கோவமா சொன்ன. பரவால்ல, உங்கப்பனும் அப்படித்தான்." லெம்பி கையை நீட்டினாள். "அந்தப் பைக்குள்ள என்ன?"

கிரெய்க் கொடுத்த புதுப் படிவங்கள். பதினொன்று. நான் அவற்றை வெளியே எடுக்கக்கூடாது என்று இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஆனால் லெம்பியின் கை நீட்டினபடியே இருந்தது, நான் கொடுத்துவிட்டேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. அந்த அறை மூடப்படக்கூடாது என்பதற்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

"அவ்வளவுதான விஷயம்?" லெம்பி தாள்களை வரிசையில் கடத்தினாள். "எல்லாரும் நல்லாருக்கோம்னு போட்ருவோம். எண்பது வருஷமா சொல்லிட்டிருக்கறதுதான, இன்னொருக்கா சொல்றதுல என்ன போச்சு."

"மனுஷங்களப் பாக்கப் பிடிக்குதா?" டாலி உரக்கப் படித்தாள். "லெம்பியத் தவிர."

"ஆம்னு போடு, அழகி."

சிரிப்பு. பென்சில்கள் கீறத் தொடங்கின. வேகமாக, முதல் நாள் மாதிரியே. அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, அதே நான்கு நிமிடச் சத்தம். பன்னிரண்டு வாரம் ஒவ்வொரு அங்குலமாகத் திறந்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, பூட்டுச் சத்தம்கூட இல்லாமல், மூடிக்கொண்டிருந்தன. அதுவும் எனக்காக. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

ரெய்னோ மட்டும் எழுதவில்லை. தாள் முழங்கால் மேல் இருந்தது. பென்சிலைத் தாளின் மேல் படுக்கவைத்திருந்தார்.

"என்ன ரெய்னோ, கண்ணாடி கொண்டாரலயா? நான் படிக்கட்டுமா?" என்றாள் டாலி.

"கண்ணாடி இருக்கு."

"அப்ப எழுதுய்யா. ரெண்டு மணிக்குக் கொண்டு போகணும் அந்தப் பொண்ணு."

அவர் எதிரே இருந்த குழாயைப் பார்த்தார். அவர் பேசப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பென்சில்கள் நின்றன. ஆனால் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் நேரே என்னைப் பார்த்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காப்பிப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"ஆர்லீன் சாகக் கிடக்கும்போது கேட்டா, பயமா இருக்கா உனக்குன்னு. இல்லன்னு சொன்னேன்." அவர் தொப்பியை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். "அவளுக்கும் இருந்திருக்கும். நான் இல்லன்னு சொன்னதும் அவளும் இல்லன்னுட்டா. அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் பேச ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துட்டு இருந்தோம்."

காப்பிப் பாத்திரத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போன வாரம் இந்தக் காயிதத்துல ஆமான்னு எழுதினேன். பதினோரு தடவை எழுதினேன். வீட்டுக்குப் போயி சாப்பிட்டேன். நல்லா சாப்பிட்டேன்." பென்சிலை எடுத்து லெம்பியிடம் நீட்டினார். "இத நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன். மூடுறாங்கன்னா மூடட்டும். உங்களுக்கு வேணும்னா நீங்க எழுதுங்க, தப்புன்னு சொல்லல."

டாலி தன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அட கருமமே, நான் ஒம்பது கேள்விக்கு எழுதிட்டேனே" என்றாள். "யாருகிட்டயாச்சும் ரப்பர் இருக்கா?"

"கிழிச்சிப் போடு. ரப்பர் எதுக்கு" என்றாள் லெம்பி. தன் தாளை அவள் ஏற்கெனவே நான்காக மடித்துக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டிருந்தாள், சூடு முழங்காலில் உறைக்காமல் இருக்க.

நான் அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். பழைய தாள்களைத்தான் கொண்டுபோவேன். யார் எவ்வளவு என்று காட்டமாட்டேன், மொத்தத்தை மட்டும்தான் சொல்வேன். மொத்தம் நம்மைத் தூக்கில் போடும். முதல் நாள் எழுதியது பொய், இல்லை, மரியாதை, என்று நான் சொன்னால், வேலை போகப்போகிற பெண் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். "எழுதினவங்க யாராச்சும் சொன்னாத்தான் கேப்பாங்க" என்றேன். சொன்ன பிறகு உறைத்தது, என்ன கேட்டுவிட்டேன் என்று. போர்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் முன்னால், ஒலிபெருக்கியில், உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் எழுதிக்கொண்டிருக்கும்போது, எனக்கு வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மெட்சோலாவில். அதைவிட ஊர்த் தெருவில் நிர்வாணமாக ஓடுவது சுலபம்.

"போர்டுக்கு யாரு தலைவரு இப்ப?" என்று கேட்டார் ரெய்னோ.

"கென் டால்பர்க்."

"கென்னா?" அவர் முதல்முறையாகச் சிரித்த மாதிரி இருந்தது. "அவனும் நானும் முப்பது வருஷம் ஒரே குடிசையில தங்கி மான் வேட்டைக்குப் போயிருக்கோம். கூட்டிப் பாத்தா நாப்பது வார்த்தை பேசியிருப்போம்."

"அதுல முப்பது 'அந்த உப்ப எடு'வா இருக்கும்" என்றாள் டாலி.

"அவன் சம்சாரம் போயி ரெண்டு வருஷமாச்சு" என்றார் ரெய்னோ. இதை அவர் டாலியிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எழுந்தார். கையை ஊன்றவில்லை. கோட்டை மாட்டி, பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டார். "அந்த மலை ரோட்டுல வண்டி ஓட்ட எனக்குக் கண்ணு பத்தாது. உன் கார் போகுமா?"

"ஹீட்டர் வேலை செய்யாது."

"நான் என்ன கலியாணத்துக்கா வர்றேன்."

மாவட்டத் தலைநகருக்கு ஒரு மணி நேரப் பயணம். பனி லேசாகப் பெய்துகொண்டிருந்தது. சாலையை இயந்திரம் வழித்து முடித்து இருபுறமும் ஆளுயரத்துக்குக் குவித்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் டாலியின் பெரிய வண்டி, அதில் தலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. முன் இருக்கையில் லெம்பி எதற்கோ டாலியைத் திட்டிக்கொண்டிருந்தாள், வேகமாகப் போகிறாய் என்றோ மெதுவாகப் போகிறாய் என்றோ. அவர்களை நான் அழைக்கவில்லை. அவர்களும் வருகிறோம் என்று சொல்லவில்லை.

படிவங்கள் இருந்த உறையைப் பின்சீட்டில் போடப் போனேன். ரெய்னோ கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கையுறை போட்ட இரண்டு கையாலும், முழங்கால் மேல், அசையாமல் மட்டமாகப் பிடித்துக்கொண்டார். சாவு வீட்டுக்கு அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோகிறவர்கள் காரில் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஒவ்வொரு வளைவிலும் முழங்கையை இறுக்கிக்கொண்டு.

எங்கள் இரண்டு பேர் மூச்சும் கண்ணாடியில் உறைந்தது. நான் ஒரு கையால் சுரண்டிச் சுரண்டி ஓட்டினேன். ஏரியைத் தாண்டும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"பேரு ரெய்னோ பெல்டோ" என்றார், போர்டு முன்னால் நிற்கிற மாதிரி, சாலையைப் பார்த்து. "மெட்சோலா. மொத நாளு நான் எழுதினது..."

நின்றுவிட்டார். கண்ணாடித் துடைப்பான் இரண்டு தடவை போய்வந்தது. நான் திரும்பவில்லை. எனக்கு அது இப்போது வந்துவிட்டிருந்தது. கண் இரண்டையும் வெள்ளைச் சாலையில் வைத்துக்கொண்டேன்.

"பேரு ரெய்னோ பெல்டோ" என்று அவர் மறுபடி ஆரம்பித்தார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.